செட்டியார் பேரேடு பற்றிய கட்டுரை மூன்று முறை திரும்பி வந்துவிட்டது: வடிவமைப்பில் எங்கே கோளாறு?

கணக்குப்பிள்ளை பேத்தி, ரங்கூன்

எல்லோருக்கும் வணக்கம். பகலில் உளுந்து ஏற்றுமதி செய்யும் ஒரு கடையில் கணக்கு பார்க்கிறேன். சாயங்காலம் பிள்ளைகளுக்கு எல்.சி.சி.ஐ (லண்டன் வணிகச் சபை நடத்தும் கணக்கியல் தேர்வு) வகுப்பு எடுக்கிறேன். ஆய்வாளர் என்று சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் கையில் ஒரு கட்டுரை இருக்கிறது, அதை விடவும் மனசில்லை.

விஷயம் இதுதான். என் தாத்தா மொகல் தெருவில், அதாவது இப்போதைய ஷ்வே பொன் தா தெருவில், ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடைகள் இருந்த கட்டடத்தில், அடுத்தாளாக (முதலாளியின் ஏஜெண்டுக்கு அடுத்த நிலை உதவியாளராக) இருந்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்டு ஊரே கலைந்தபோது முதலாளி வீட்டு ஆட்கள் இந்தியாவுக்குக் கிளம்பிவிட்டார்கள். மூன்று பேரேடும் ஒரு சிட்டையும் (அன்றாடக் கணக்குப் புத்தகம்) தாத்தாவிடம் தங்கிவிட்டன. அப்பா அவற்றைத் தகரப் பெட்டியில் போட்டு வேப்பிலை வைத்துக் காப்பாற்றினார். சிங்கப்பூரில் மாஸ்டர்ஸ் படித்தபோது அந்தப் பேரேடுகளை வைத்துத்தான் ஆய்வேடு எழுதினேன். அதில் ஒரு அத்தியாயத்தை இப்போது கணக்கியல் வரலாற்று ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினேன்.

கட்டுரையின் கேள்வி: 1930-க்குப் பிறகு நெல் விலை விழுந்து குடியானவர்களால் கடனைக் கட்ட முடியாமல் போனபோது, நிலம் செட்டியார் கைக்கு வந்தது. அந்த நிலத்தைப் பேரேட்டில் என்ன மதிப்புக்கு எழுதினார்கள்? சந்தை விலைக்கா, கொடுத்த அசலுக்கா, அசலோடு நிலுவை வட்டியும் சேர்த்தா?

நான்கு மாதத்தில் மூன்று முறை திரும்பி வந்துவிட்டது. ஒரு ரெவ்யூவர்கூட இன்னும் படிக்கவில்லை. முதல் தடவை, கோப்பில் ஆசிரியர் பெயர் தெரிகிறது என்றார்கள். அட்டைப் பக்கத்தைப் பிரித்து அனுப்பினேன். இரண்டாவது தடவை, சுருக்கம் உரிய தலைப்புகளில் இல்லை, கட்டுரை 10,000 சொல்லைத் தாண்டுகிறது, எனது 14,200. அப்புறம் மூன்றாவது தடவை, அட்டவணைகள் படமாக இருக்கின்றன, பெயர் இன்னும் தெரிகிறது! எங்கே தெரிகிறது என்றே எனக்குப் புரியவில்லை.

ஒரு எடிட்டிங் ஏஜென்ஸியைக் கேட்டேன். அவர்கள் சொன்ன தொகை என் இரண்டு மாதச் சம்பளம். இதை நானே செய்ய முடியுமா? யாராவது செய்திருக்கிறீர்களா?

லேடெக்ஸ் தம்பி, மாந்தலே

அக்கா, வேர்டை விட்டுவிட்டு லேடெக்ஸ் என்ற அச்சுக்கோர்ப்பு மென்பொருளுக்கு மாறுங்கள். அட்டவணை, மேற்கோள், பக்க எண் எல்லாம் தானாகவே அமைந்துவிடும். நான் இன்ஜினியரிங் கட்டுரை எல்லாம் அதில்தான் செய்கிறேன். ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

மோல்மீன் சயா

தம்பி சொல்வது அவர் துறைக்குச் சரி. கணக்கியல் வரலாறு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இன்னும் வேர்டில்தான் இருக்கிறார்கள். இதழின் ஆட்களும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். நான்கு மாதம் ஏற்கெனவே போய்விட்டது, இப்போது போய்ப் புது மென்பொருள் கற்க வேண்டாம்.

பேத்தியம்மா, முதலில் ஒன்று. மூன்று தடவையும் உங்கள் கட்டுரையை யாரும் நிராகரிக்கவில்லை. ஆசிரியர் குழு அதைப் பார்க்கவே இல்லை. பதிப்பகத்தில் ஒருவர் கையில் சரிபார்ப்புப் பட்டியலோடு உட்கார்ந்து, குறை இருந்தால் திருப்பி அனுப்புகிறார். அரிசி மூட்டையை எடை மேடையிலேயே இறக்கி வைத்த மாதிரி. கிடங்குக்குள் போனதற்குப் பிறகுதான் தரம் பார்ப்பார்கள்.

நான் மோல்மீனில் பிறந்தவன். இருபது வருடத்துக்கு மேலாக வெளிநாட்டில் கணக்கியல் கற்பிக்கிறேன். இரண்டு இதழ்களுக்கு ரெவ்யூ செய்கிறேன். அதனால் எடை மேடை, கிடங்கு இரண்டையும் பற்றிச் சொல்கிறேன்.

பெயர் எங்கே தெரிகிறது? அட்டைப் பக்கத்தைப் பிரித்தது சரி. ஆனால் வேர்டு கோப்பின் உள்ளேயே ஆசிரியர் பெயர் பதிந்திருக்கும். கோப்பு மெனுவில் தகவல் பகுதிக்குப் போய் ஆவணத்தைப் பரிசோதிக்கும் வசதியைத் திறந்து, தனிப்பட்ட விவரங்களை நீக்கச் சொல்லுங்கள். ஓரக் குறிப்புகள், திருத்தத் தடங்கள் எல்லாம் இருந்தால் அவற்றிலும் பெயர் நிற்கும். கோப்புக்கு உங்கள் பெயரையே வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் பெயர் தெரிகிறது என்றால், "என் தாத்தா அடுத்தாளாக இருந்த கிட்டங்கி" என்று எங்காவது எழுதியிருக்கிறீர்களா? "எனது முதுகலை ஆய்வேட்டில் காட்டியபடி" என்று? இருபக்கமும் பெயர் மறைத்த மதிப்பாய்வு என்றால் அந்த வரியும் ஒரு கையெழுத்துதான். "ஒரு தனியார் குடும்பச் சேகரிப்பில் உள்ள மூன்று பேரேடுகள்" என்று மாற்றிவிடுங்கள். நன்றியுரை தனி அட்டைப் பக்கத்தில் மட்டும் இருக்கட்டும். தாத்தாவுக்கு நன்றி சொல்வதைக் கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு சேர்த்துக்கொள்ளலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சுருக்கம். எமரால்டு பதிப்பகத்தின் இதழ்களில் நோக்கம், ஆய்வு முறை, கண்டறிந்தவை, புதுமை என்ற நான்கு தலைப்பும் கட்டாயம், மொத்தம் 250 சொல்லுக்குள். வேறு இதழ்களில் தலைப்பில்லாத ஒரே பத்தி. அதனால் இதழின் பக்கத்தில் இருக்கும் அறிவுரையை ஒரு முறை அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். "கண்டறிந்தவை" என்ற இடத்தில் "செட்டியார் கணக்கு முறை ஆராயப்படுகிறது" என்று எழுதுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது கண்டறிந்தது இல்லை, செய்ததுதான். என்ன மதிப்புக்கு எழுதினார்கள் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுங்கள். வகைப்பாட்டுக் குறியீடு கேட்டால் ஜே.இ.எல் என்ற பொருளாதாரத் துறைப் பட்டியலில் கணக்கியலுக்கு எம்41, ஆசிய நிதி வரலாற்றுக்கு என்25.

மேற்கோள் பட்டியலில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. ஊ தாண்ட் பெயரில் இருக்கும் "ஊ" மரியாதைச் சொல், இனிஷியல் கிடையாது. "டோ" என்பதும் அப்படித்தான். பர்மியர்களுக்குக் குடும்பப் பெயரே இல்லை. ஸோட்டெரோ போன்ற மென்பொருளில் பெயரைப் போட்டால் அது கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக வெட்டிவிடும். அந்தப் பெயர்களை ஒற்றைப் புலத்தில் முழுசாகப் போடுங்கள். நம் தமிழ்ப் பெயர்களில் தலைகீழ்க் கோளாறு. அப்பா பெயர் இனிஷியலாக முன்னால் நிற்கும், அதைக் குடும்பப் பெயர் என்று மாற்றினால் மகன் செய்த ஆய்வு அப்பா கணக்கில் ஏறிவிடும். உங்களுக்கும் இப்போதே ஆர்கிட் எண் (ஆய்வாளர்களுக்கான அடையாள எண்) எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே குடும்பப் பெயரைக் காலியாக விடலாம். எந்த எழுத்துக்கூட்டில் போடுகிறீர்களோ அதையே சாகும்வரை பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி நான் நிஜமாகச் சொல்ல வந்தது. உங்கள் மாதிரி மூலத்தை வைத்து எழுதும்போது வடிவமைப்பு என்பது எழுத்துருவும் ஓர அளவும் மட்டும் அல்ல. ரூபாய்-அணா-பைசாவை எப்படி எழுதுகிறீர்கள், தமிழ் வருடத்தை எப்படி மாற்றுகிறீர்கள், வரவு-பற்றை எந்தச் சொல்லால் மொழிபெயர்க்கிறீர்கள் என்பதெல்லாம் பார்க்க வடிவம் மாதிரி இருக்கும். உள்ளே அவை சான்றைப் பற்றிய முடிவுகள். அந்த முடிவுகளை ஆய்வு முறைப் பகுதியில் ஒரு பக்கத்துக்குச் சொல்லாவிட்டால் ரெவ்யூவர் அங்கேதான் கடிப்பார். நானும் கடிப்பேன்.

வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேரேட்டில் "பிரசோற்பத்தி" என்று இருந்தால் அது 1931 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1932 ஏப்ரல் நடுவில் முடிகிறது. "1931" என்று மட்டும் போட்டால், 1932 மாசியில் எழுதப்பட்ட நிலக் கணக்கு ஒரு வருடம் முன்னால் போய்விடும். உங்கள் வாதமே எப்போது நிலம் வந்தது என்பதில்தான் நிற்கிறது. 1931-32 என்றே எழுதுங்கள். தமிழ் வருடப் பெயரைப் பக்கத்து நெடுவரிசையில் வையுங்கள்.

வரவு, பற்று. பாடப் புத்தகத்தில் வரவு என்றால் கிரெடிட், பற்று என்றால் டெபிட். ஆள் கணக்கில் அது பொருந்தும். அவன் கொடுத்தது அவன் பேரில் வரவு, அவன் வாங்கியது பற்று. ஆனால் ரொக்கச் சிட்டையில் வந்த பணத்தை வரவு என்றுதான் எழுதியிருப்பார்கள், ரொக்கக் கணக்கைப் பொறுத்தவரை இன்றைய முறையில் அது டெபிட் பக்கம். கண்ணை மூடிக்கொண்டு மொழிபெயர்த்தால் உங்கள் அட்டவணை ஒரு பக்கம் தலைகீழாக நிற்கும். தமிழ்ச் சொல்லை ஒலிபெயர்த்துச் சாய்வெழுத்தில் வைத்து, முதல் முறை வரும் இடத்தில் விளக்குங்கள். அடுத்தாள், தவணை, நடப்பு வட்டி எல்லாவற்றுக்கும் இதே வழி. ஐந்தொகையை நேராக "பேலன்ஸ் ஷீட்" என்று எழுதினீர்களானால், இரட்டைப் பதிவு இருந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று அடுத்த கேள்வி வரும். பதில் இருந்தால் எழுதுங்கள்.

அணா கணக்கில் நான் பட்ட பாடு ஒன்று. பல வருடத்துக்கு முன்னால் ஒரு கோயில் கணக்கைத் தட்டச்சு செய்தேன். 12 ரூபாய் 8 அணா 6 பைசாவை 12-8-6 என்று எக்ஸெலில் போட்டேன். அது என்னைக் கேட்காமலே 2006 ஆகஸ்ட் 12 என்று தேதியாக்கிவிட்டது. சின்னத் தொகைகள் எல்லாம் தேதி, 250-8-6 மாதிரிப் பெரிய தொகைகள் மட்டும் ஒழுங்கு. ஒரு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். தட்டச்சு செய்வதற்கு முன்பே நெடுவரிசையை எழுத்து (டெக்ஸ்ட்) வடிவத்துக்கு மாற்ற வேண்டும், அல்லது ரூபாய்க்கு ஒன்று, அணாவுக்கு ஒன்று, பைசாவுக்கு ஒன்று என்று மூன்று நெடுவரிசை. இரண்டாவதுதான் நல்லது. பிறகு தசமத்துக்கு மாற்றுங்கள். 12 பை (நாம் பேச்சில் பைசா என்பது) ஒரு அணா, 16 அணா ஒரு ரூபாய், ஆக 8 அணா 6 பைசா என்பது 0.53125. அட்டவணையில் 12.53 என்று போட்டு, முழுமையாக்கியதால் கூட்டுத்தொகையில் சிறு வேறுபாடு வரலாம் என்று கீழே ஒரு குறிப்பு. அட்டவணையை வேர்டிலேயே அமையுங்கள், படமாக ஒட்டாதீர்கள். பேரேட்டுப் பக்கத்தின் புகைப்படம் ஒன்றைத் தனியே படமாகச் சேர்க்கலாம், கண்டிப்பாகச் சேருங்கள், அதுதான் உங்கள் சொத்து.

கடைசியாக, 14,200 சொல். நான் பந்தயம் கட்டுகிறேன், முதல் ஆறு பக்கம் செட்டியார்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், பர்மாவில் எத்தனை கடை வைத்தார்கள் என்று ஓடும். ஆய்வேட்டில் அது வேண்டும், இதழில் வேண்டாம். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் 13-இல் செட்டியார் கையில் இருந்த விளைநிலம் 1930-இல் 6 சதவீதம், 1937-இல் 25 சதவீதம். இந்த ஒரு வரி போதும். அடுத்த வரியிலேயே உங்கள் கேள்வியைப் போடுங்கள். இரண்டாம் பக்கம் முடிவதற்குள் இது கணக்கியல் கட்டுரை என்று தெரிய வேண்டும், இல்லாவிட்டால் எடை மேடை தாண்டினாலும் இதழாசிரியரே "பொருளாதார வரலாற்று இதழுக்கு அனுப்புங்கள்" என்று திருப்பிவிடுவார்.

இன்செய்ன் அண்ணன்

சயா எழுதியதற்கு மேல் நான் என்ன சொல்ல. இரண்டு அனுபவம் மட்டும்.

ஒன்று, எழுத்துரு. 2019-க்கு முன்னால் தட்டச்சு செய்த பர்மியப் பெயர்கள் உங்கள் கோப்பில் ஸோஜி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் இருந்தால் வெளியூர்க் கணினியில் கந்தலாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். தமிழுக்கும் அப்படித்தான், பழைய எழுத்துரு எதுவும் கூடாது. ஏற்றிய பிறகு இதழின் தளமே ஒரு பிடிஎஃப் கட்டிக் கொடுக்கும். எல்லோரும் அதைத் திறக்காமல் "சம்மதம்" அழுத்திவிடுகிறார்கள். என் நண்பர் ஒருவர் கட்டுரையில் தமிழ் எழுத்து வந்த இடமெல்லாம் சதுரக் கட்டம். ரெவ்யூவர் "கட்டங்களின் பொருள் விளங்கவில்லை" என்று எழுதியிருந்தார்.

இரண்டு, கரண்ட். சுருக்கம், குறிச்சொல், இதழாசிரியருக்கான கடிதம் எல்லாவற்றையும் தனிக் கோப்பில் எழுதி வைத்துவிட்டு அப்புறம் தளத்துக்குள் போங்கள். நேராகப் பெட்டியில் தட்டச்சு செய்தால் நடுவில் லைன் போய்விடும், எழுதினதெல்லாம் போய்விடும். நான் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஏற்றினவன்.

இந்த நான்கு மாத வெறுப்பில், "மூன்று நாளில் மதிப்பாய்வு, உடனே வெளியீடு" என்று மின்னஞ்சல் வந்தால் பதில் போட்டுவிடாதீர்கள் தங்கச்சி. இதழின் பெயர் ஆஸ்திரேலியாவின் ஏ.பி.டி.சி (வணிகக் கல்விப் புலத் தலைவர்கள் அமைப்பு) தரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லாத நல்ல இதழும் உண்டுதான். ஆனால் முதலிலேயே காசு கேட்கிற, முகவரி இல்லாத இதழை அதிலேயே வடிகட்டிவிடலாம்.

கணக்குப்பிள்ளை பேத்தி

சயா, அண்ணே, தம்பி, எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள்.

பெயர் எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். ஆறாவது அடிக்குறிப்பில் "இப்பேரேடுகளைப் பாதுகாத்த என் தந்தை" என்று அப்பாவின் முழுப் பெயரோடு எழுதியிருக்கிறேன்! அதை மூன்று முறை படித்தும் கண்ணில் படவில்லை. வரலாற்றுப் பகுதி ஆறு பக்கம் இல்லை சயா, ஒன்பது. வெட்டி ஒன்றரை ஆக்கினேன். இப்போது மொத்தம் 9,600.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. உங்கள் 12-8-6 கதையைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. என்னுடைய எக்ஸெலைத் திறந்தேன். நான் ஒரே நெடுவரிசையில் போட்டுவிட்டு ஃபார்முலா வைத்துப் பிரித்திருந்தேன், பிழை வந்தால் காலியாக விடு என்றும் அதில் சேர்த்திருந்தேன். பிழைச் செய்தி அசிங்கமாக இருக்கிறதே என்றுதான். 31 தொகை தேதியாகி, காலியாகி, கூட்டலில் சேராமலே போயிருக்கிறது.

இதில் வெட்கம் என்னவென்றால், கட்டுரையில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். "பேரேட்டின் ஆண்டுக் கூட்டுத்தொகை உள்ளே உள்ள பதிவுகளின் கூட்டலைவிட 214 ரூபாய் அதிகமாக உள்ளது, எழுதியவரின் கவனக்குறைவாகவோ மறைக்கப்பட்ட வரவாகவோ இருக்கலாம்" என்று. அதற்கு ஒரு தனி உட்தலைப்பு வேறு. நேற்று ராத்திரி மூன்று நெடுவரிசையில் எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்து கூட்டினேன். பைசா வரை பொருந்துகிறது. அந்தக் கையெழுத்து தாத்தாவுடையது.

பத்தியை எடுத்துவிட்டேன். அதனால் இன்னும் 400 சொல் மிச்சம்.

ஒரு சின்னக் கேள்வி சயா. தட்டச்சில் உதவிய பெண் ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் 2 என்று போட்டிருக்கிறாள். அது பிள்ளையார் சுழி, தமிழ் எண் ௨ என்று நினைத்துவிட்டாள் போல. எண்ணை எடுத்துவிட்டேன். பக்கத்தை விவரிக்கும்போது சுழியைக் குறிப்பிட வேண்டுமா, விட்டுவிடலாமா?

மோல்மீன் சயா

குறிப்பிடுங்கள், ஒரே வரி போதும். "ஒவ்வொரு பக்கமும் பிள்ளையார் சுழியோடு தொடங்குகிறது, அது தொகையாகக் கொள்ளப்படவில்லை" என்று ஆய்வு முறைப் பகுதியில். புகைப்படத்தைப் பார்க்கிற ரெவ்யூவர் அதே கேள்வியைக் கேட்பார்.

அந்த 400 சொல்லில் எக்ஸெல் கதையை எழுதிவிடாதீர்கள். தொகைகள் மூன்று நெடுவரிசையில் பதியப்பட்டன, கூட்டுத்தொகைகள் மூலத்தோடு ஒப்பிடப்பட்டுப் பைசா வரை பொருந்தின என்று மட்டும் எழுதுங்கள். எந்தப் பக்கம், எந்த வருடம் என்பதையும் சேருங்கள்.

கணக்குப்பிள்ளை பேத்தி

சரி சயா. பிடிஎஃப் திறந்து பார்த்துவிட்டுத்தான் சம்மதம் அழுத்துவேன். எங்கள் தெருவுக்கு இந்த வாரம் விடியற்காலை லைன் வருகிறது, திங்கள்கிழமை நான்கு மணிக்கு ஏற்றுகிறேன்.